ஆப்ஜெக்டிவ்-சி: இனிட்டில் விட்ட பிழை வேறொரு வரியில் கிராஷ் ஆகும்போது

ஆப்பிள் ஆப்கள் எழுதப் பயன்படும் ஆப்ஜெக்டிவ்-சி மொழியில், புதிதாக உருவாக்கிய பொருளை (ஆப்ஜெக்டை) தயார்செய்யும் மெத்தட்தான் இனிட். அதில் பிழை விட்டால், ஆப் விழுகிற வரி ஒன்று, பிழை இருக்கிற வரி வேறு. அதனால் கோடில் கைவைக்கும் முன் எக்ஸ்கோடின் (கோட் எழுதும் ஆப்பிள் கருவி) பிரேக்பாயின்ட் நேவிகேட்டரில் கூட்டல் குறியை அழுத்தி, எக்ஸெப்ஷன் பிரேக்பாயின்ட் (எக்ஸெப்ஷன் எழும் இடத்திலேயே ஆப்பை நிறுத்துவது) ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் பெரும்பாலும் மெயின் ஃபங்ஷனில்தான் போய் நிற்கும். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஊரெல்லாம் என்எஸ்லாக் (லாகில் அச்சிடும் வரி) போட்டுத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து, இனிட்டின் உடம்பு இப்படி இருக்கிறதா என்று பாருங்கள் (எக்ஸ்கோடில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்):

செல்ஃப் = [சூப்பர் இனிட்];
இஃப் (செல்ஃப்) { _ஐட்டம்ஸ் = [[என்எஸ்மியூட்டபிள்அரே அலாக்] இனிட்]; }
ரிட்டர்ன் செல்ஃப்;

அந்த இஃப் அலங்காரத்துக்கு இல்லை. நில்லுக்கு (பொருளே இல்லை என்னும் வெற்று மதிப்பு) மெசேஜ் அனுப்பினால், அதாவது மெத்தடைக் கூப்பிட்டால், ஒன்றும் ஆகாது. ஆனால் செல்ஃப் நில்லாக இருக்கும்போது அதற்குள் இருக்கும் வேரியபிளான _ஐட்டம்ஸைத் தொட்டால் பேட் ஆக்சஸ் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட கிராஷ்) தான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் லாகில் "அன்ரெகக்னைஸ்டு செலக்டர்" வருகிறதா? செலக்டர் (கூப்பிட்ட மெத்தட்) பெயரை விடுங்கள், அதற்கு முன்னால் இருக்கும் கிளாஸ் பெயரைப் படியுங்கள். நீங்கள் மியூட்டபிள் அரே கொடுத்திருக்க, அங்கே என்எஸ்அரே0 என்றோ என்எஸ்அரேஐ என்றோ இருந்தால், ப்ராப்பர்ட்டியில் காப்பி என்று போட்டிருக்கிறீர்கள். காப்பி எடுத்தால் கிடைப்பது மாற்ற முடியாத அரே; அதற்கு ஆட்ஆப்ஜெக்ட் (பொருளைச் சேர்க்கும் மெத்தட்) தெரியாது. இங்கே குழப்புவது ஒன்று உண்டு: இனிட்டில் _ஐட்டம்ஸுக்கு நேரடியாகக் கொடுத்தால் செட்டர் (ப்ராப்பர்ட்டிக்கு மதிப்பு வைக்கும் மெத்தட்) ஓடாது, காப்பியும் நடக்காது, எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு ஏதோ ஒரு ரீசெட் மெத்தடில் செல்ஃப்.ஐட்டம்ஸ் என்று எழுதியதும் செட்டர் காப்பி எடுத்துவிடும். அடுத்த ஆட்ஆப்ஜெக்டில் ஆப் விழும். ப்ராப்பர்ட்டியில் காப்பியை ஸ்ட்ராங் (கொடுத்த பொருளையே வைத்துக்கொள்வது) ஆக்குங்கள். இனிட்டுக்குள் மட்டும் அடிக்கோடு போட்ட பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். சப்கிளாஸ் மாற்றி எழுதிய செட்டர், அதன் இனிட் முடியும் முன்பே ஓடுவதும் இதனால் நிற்கும்.

ஸ்டாக் ட்ரேஸில் (கிராஷ் வரை வந்த மெத்தட் அழைப்புகளின் பட்டியல்) இரண்டே இனிட்டுகள் மாறி மாறி ஆயிரக்கணக்கில் நின்றால், ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்கின்றன. முதன்மை இனிட் சூப்பரைக் கூப்பிட வேண்டும், மற்றவை செல்ஃப் வழியாக முதன்மை இனிட்டைக் கூப்பிட வேண்டும்.

பின்சேர்க்கை: கிராஷே இல்லை, ஆனால் லிஸ்ட் காலியாகவே இருக்கிறது என்றால், இனிட்டில் அரேயை உருவாக்கவே இல்லை. அலாக் (பொருளுக்கு நினைவகம் ஒதுக்குவது) எல்லா வேரியபிளையும் பூஜ்யமாக்கித்தான் தரும். நில்லுக்குப் போன ஆட்ஆப்ஜெக்ட் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அதே நில்லை டிக்‌ஷனரி லிட்டரலுக்குள் வைத்தால்தான் "அட்டெம்ப்ட் டு இன்சர்ட் நில் ஆப்ஜெக்ட்" என்று வெடிக்கும். அந்த வரிக்கு முன் நிறுத்தி, டீபக்கரில் பிஓ _ஐட்டம்ஸ் என்று அடித்தால் நில் என்றே காட்டும்.