பழைய லேண்ட் ரோவரா? முதலில் அடியில் பாருங்கள்
நெளிந்த மட்கார்டு, வெளிறிய பச்சை பெயின்ட். உழைத்த பழைய சீரிஸ் (தொடக்க கால மாடல்) லேண்ட் ரோவருக்கு அதுதான் அழகு, மிரள வேண்டாம். 1948இல் இந்த வண்டி அறிமுகமானபோது பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் பாடியைப் பெரும்பாலும் அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதில் செந்துரு பிடிக்காது.

ஆனால் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், எஃகு. சேறும் ஈரமும் உள்ளே தங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். வாங்கும் முன் அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று அமுங்கினால் அங்கே இரும்பு மெலிந்திருக்கிறது. புதிதாகக் கறுப்புப் பூச்சு அப்பியிருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும், அந்த இடத்தில் இரண்டு தட்டு கூடவே தட்டுவேன். அப்புறம், இன்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே, கதவுக் கீல் மாட்டியிருக்கும் முன்தடுப்பு, அதுவும் எஃகுதான், அதையும் பாருங்கள்.