டிரிப் ஆனால் டயலைத் திருப்பாதீர்கள்: தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடாதே, மோதிரம் போட்டுக்கொண்டு பேனலில் கை வைக்காதே என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவரை யாரும் பேனல் பக்கம் விடுவதில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்துவிட்டு வந்தவைதான். பார்த்தால் சிரிப்புதான் வரும். ஒன்றே ஒன்று மட்டும் இன்றைக்கும் எரிச்சலைக் கிளப்பும்.

ஓவர்லோடு ரிலே டிரிப் ஆனால் செட்டிங்கை ஏற்றுவது

மோட்டார் இழுக்கும் கரண்ட் டயலில் வைத்த அளவைத் தாண்டி ஓடினால் மோட்டாரை நிறுத்தும் கருவிதான் ஓவர்லோடு ரிலே; அப்படி நிறுத்துவதைத்தான் டிரிப் என்கிறோம். ஒரு கூலிங் வாட்டர் பம்ப். 15 கிலோவாட் மோட்டார், மூன்று வைண்டிங்கும் முக்கோணமாக இணைந்த டெல்டா கனெக்‌ஷன், நேரடி ஸ்டார்ட்டர். நேம்பிளேட்டில் எழுதியிருந்த முழு லோடு கரண்ட் 28 ஆம்பியர்; ரிலேயும் 28-இல்தான் இருந்தது. வழக்கமான லோடில் 23 ஆம்பியர்தான் இழுக்கும். இரவு ஷிஃப்டில் அது டிரிப் ஆகிறது. ரீசெட் போட்டால் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி டிரிப். ஷிஃப்டில் இருந்த தம்பி கிளாம்ப் மீட்டரை எடுத்து ஒரு ஃபேஸில் மட்டும் மாட்டிப் பார்த்திருக்கிறான். 19 ஆம்பியர். "அண்ணே, கரண்ட் கம்மியாத்தான் ஓடுது, ரிலேதான் வீக்" என்று போனில் சொன்னான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் டயலை 36-க்குத் திருப்பிவிட்டான். பம்ப் ஓடியது. புரொடக்‌ஷன்காரர்களுக்கும் சந்தோஷம்.

விடியும்போது மோட்டாரிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை.

அவன் மற்ற இரண்டு ஃபேஸையும் அளந்திருந்தால் 30, 31 என்று காட்டியிருக்கும். ஒரு ஃபேஸில் குறைவு, மற்ற இரண்டில் அதிகம் என்றால் அது ரிலேயின் கோளாறு இல்லை. அந்தக் குறைவான ஃபேஸின் வழியில் எங்கோ கான்டாக்ட் சரியில்லை. மோட்டாருக்குச் சப்ளையை இணைத்துத் துண்டிக்கும் காந்த ஸ்விட்சான கான்டாக்டரைத் திறந்து பார்த்தோம். ஒரு போலில், அதாவது ஒரு ஃபேஸுக்கான கான்டாக்டில், வெள்ளி முனை முழுதும் தேய்ந்து, அடியில் இருந்த செம்பு கருத்துக் குழி விழுந்திருந்தது. இரவில் ஏதோ ஒரு நேரத்தில் அந்தப் போல் முழுதாகவே விட்டுப்போய், மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓடியிருக்கிறது. அதே லோடை இரண்டு ஃபேஸில் இழுத்தால் கரண்ட் ஏறக்குறைய 1.73 மடங்கு ஆகும்: 23 என்பது 40. ரிலே 28-இல் இருந்திருந்தால் சில நிமிடங்களில் நிறுத்தியிருக்கும். 36-இல் இருந்த ரிலேக்கு 40 என்பது வெறும் 1.1 மடங்கு. செட்டிங்கைப்போல 1.2 மடங்கு ஓடினாலே இரண்டு மணி நேரத்துக்குள் டிரிப் ஆனால் போதும் என்பதுதான் இந்த வகை ரிலேக்களுக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலை. 1.1-க்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

ரீவைண்டிங் கடையில் மூடியைக் கழற்றினால் சாட்சி அப்படியே இருக்கும். டெல்டா மோட்டாரில் ஒரு ஃபேஸின் காயில்கள் மட்டும் கரியாகி, நடுநடுவே மற்றவை புதிதுபோலப் பளபளக்கும். மூன்று வைண்டிங்கின் ஒரு முனை ஒரே புள்ளியில் சேரும் ஸ்டாராக இருந்தால் இரண்டு ஃபேஸ் கருகும், ஒன்று தப்பிக்கும். எல்லாமே ஒரே சீராகக் கருகியிருந்தால்தான் அது உண்மையான ஓவர்லோடு. எரிந்த மோட்டாரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு அதோடு மறந்துவிடாதீர்கள். ஒருமுறை உள்ளே எட்டிப் பாருங்கள்.

"நாலு ஆம்பியர் ஏற்றினால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 28-ஐ 32 ஆக்கினால், 33.6 வரை அந்த ரிலே இரண்டு மணி நேரத்துக்கு டிரிப் ஆகக் கூடாது. அது நேம்பிளேட்டைவிட 20 சதவீதம் அதிகம். செம்பில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 44 சதவீதம் கூடுதல் சூடு. வைண்டிங் வழக்கத்தைவிட 10 டிகிரி கூடச் சூடானால் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அன்றைக்கு எரியாது, அதுதான் தொல்லை. பின்னொரு நாள் வேறு யாரோ ஷிஃப்டில் இருக்கும்போது எரியும்.

இதைவிட மோசம், மோட்டாரை ஸ்டாரில் கிளப்பிவிட்டு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். அதில் ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டருக்குக் கீழே, வைண்டிங் கரண்ட் மட்டும் ஓடும் இடத்தில் இருக்கும். அங்கே வைக்க வேண்டியது நேம்பிளேட் கரண்டின் 0.58 மடங்கு, 28-க்கு 16 சொச்சம். புதிதாக வந்தவர் 16-ஐப் பார்த்து, "யாரோ தப்பாக வைத்திருக்கிறார்கள்" என்று டயலைக் கடைசிவரை திருப்புவார். இன்னும் சிலர் பெரிய ரேஞ்ச் ரிலேயே வாங்கி மாட்டிவிடுவார்கள். அங்கே 28 என்று வைத்தால் லைனில் 48 ஆம்பியரைத் தாண்டும்வரை ரிலே வாயைத் திறக்காது.

சரி, டிரிப் ஆனால் என்னதான் செய்வது? மூன்று ஃபேஸிலும் கரண்டை அளந்து எழுதுங்கள். மூன்றும் சமமாக, அதிகமாக இருந்தால் பேரிங், கிளாண்ட், பெல்ட் என்று இயந்திரப் பக்கம் போங்கள். சமமில்லை என்றால் வோல்டேஜ், ஃபியூஸ், கான்டாக்டர், டெர்மினல் பாக்ஸில் லக். மூன்றும் நேம்பிளேட்டுக்குக் கீழே சமமாக இருந்தும் டிரிப் ஆனால், அப்போது மட்டும் ரிலேயைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் மாற்ற வேண்டியது ரிலேயைத்தான், செட்டிங்கை அல்ல. மேலாளர் தலைமேல் நின்று "எப்போ ஓடும்" என்று கேட்பார். கேட்கட்டும்.

ரிலேயை ஆட்டோ ரீசெட்டில் விடுவது

டிரிப் ஆன ரிலே ஆறியதும் கன்வேயர் தானாகக் கிளம்பும், அதற்குள் ஒருவர் கை இருக்கும்.

டிரைவைக் கழற்றாமல் மெகர் செய்வது

மெகர் என்பது அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிப்பது; டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் கருவி. மோட்டார் கேபிளை டிரைவிலிருந்து பிரித்துவிட்டு மெகர் செய்யுங்கள், இல்லையென்றால் டிரைவ் போய்விடும்.

ஆஃப் செய்ததும் டிரைவைத் திறப்பது

400 வோல்ட் டிரைவின் உள்ளே கெப்பாசிட்டரில் 560 வோல்ட் டி.சி. வரை நிற்கும். டிஸ்ப்ளே அணைந்துவிட்டது என்பது கணக்கில்லை. மூடியில் எத்தனை நிமிடம் எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருங்கள், அப்புறம் டி.சி. டெர்மினலை அளந்து பாருங்கள். அளக்கும் மீட்டரை லைவ் இருக்கிற இடத்தில் முன்னும் ஒருமுறை, பின்னும் ஒருமுறை சோதியுங்கள். ஃபியூஸ் போன மீட்டர் லீடும் பூஜ்ஜியம்தான் காட்டும்.

டிராயிங் படிக்கத் தெரியாமல் பி.எல்.சி. கோர்ஸுக்கு ஓடுவது

பி.எல்.சி. என்பது மெஷினைப் புரோகிராம்படி ஓட்டும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர். சம்பளம் அங்கேதான் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் மெஷின் நின்றால் முதலில் லேப்டாப்பைத் திறக்கிறார்கள். பி.எல்.சி.யின் இன்புட் கார்டில் அந்தச் சிக்னலுக்கான விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு புரோகிராமில் இல்லை. சென்சாரிலோ, கேபிளிலோ, 24 வோல்ட் சப்ளையிலோ இருக்கிறது. அதைத் தேட டிராயிங்கும் வயர் நம்பரும் போதும். இன்னும் சிலர் இன்புட்டை ஃபோர்ஸ் செய்து, அதாவது சிக்னல் வராமலே வந்ததாக லேப்டாப்பில் வைத்து, மெஷினை ஓட்டிவிட்டு, எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த ஷிஃப்ட்காரர் பாதுகாப்புக் கதவு திறந்திருந்தும் ஓடும் மெஷின் முன்னால் நிற்பார்.

மாற்றிய வயரை டிராயிங்கில் குறிக்காமல் போவது

அன்றைக்கே குறியுங்கள், தேதியோடு.