ஈறில் ரத்தம் வந்தால்: பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் முறை

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் பிரஷைக் கொண்டுபோவதில்லை. ஆனால் அங்கேதான் கூடுதலாகத் துலக்க வேண்டும். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படிகிற அழுக்குப் படலம்தான் ஈறை வீங்க வைக்கிறது. அதை அப்படியே விட்டால் இறுகிக் காரையாகிவிடும். எனக்கு ரொம்ப நாளாக இருந்த கசிவு நின்ற வழியைச் சொல்கிறேன்.

1. முதலில் காரையை எடுத்துவிடுங்கள்

இறுகிய காரை எந்த பிரஷுக்கும் அசையாது. பல் மருத்துவரிடம் போய் ஸ்கேலிங் (கருவியால் காரையை எடுப்பது) செய்துகொள்ளுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு கோரிமேடு இந்திரா நகரில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரசு நடத்துவது. கடலூர்ப் பக்கம் என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.

ஸ்கேலிங் செய்தால் பல் தேய்ந்து ஆடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அப்படியில்லை, காரை அடைத்திருந்த இடம் காலியாவதால்தான் இடைவெளி தெரிகிறது. பல் கூச்சமும் சில நாளில் அடங்கிவிடும்.

2. பிரஷ்

சாஃப்ட் மட்டும் வாங்குங்கள். ஹார்டு பிரஷ் ஈறைக் கீழே தள்ளிவிடும். நார்கள் ஈறு ஓரத்தைத் தொடும்படி 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம். பேஸ்ட் டியூபில், பல் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மூலிகை பேஸ்டுகள் பலவற்றில் அது கிடையாது. துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். உடனே வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் போய்விடும். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் இரவுத் துலக்கல் ரொம்ப முக்கியம்.

3. இடுக்கு

எனக்குக் கைவராமல் இழுத்தடித்த இடம் இதுதான். பிரஷ் நார் இரண்டு பல்லுக்கு நடுவே போகாது. பண்ருட்டிப் பலாச்சுளை தின்றால் நார் மாட்டிக்கொள்ளுமே, அழுக்கு தங்குவதும் அதே இடத்தில்தான். ஈர்க்குச்சி, ஊக்கு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். ஈறு கிழிந்துவிடும்.

மருந்துக்கடையில் டென்டல் ஃப்ளாஸ் என்று கேளுங்கள். மெழுகு பூசிய நூல்தான் பழகுகிறவர்களுக்கு எளிது. முழங்கை நீளத்துக்கு எடுத்து, இரு கை நடுவிரல்களிலும் சுற்றி, நடுவில் ஓர் அங்குலம் விட்டுப் பிடியுங்கள். நேராக அழுத்தினால் நூல் சட்டென்று இறங்கி ஈறை வெட்டும். ரம்பம் இழுப்பதுபோல முன்னும் பின்னும் மெல்ல அசைத்தே இறக்குங்கள்.

இறங்கியதும் அப்படியே வெளியே இழுத்துவிடக் கூடாது. நூலை ஒரு பல்லின் பக்கமாக வளைத்து, அது பல்லை அணைத்தபடி ஈறுக்கு அடியில் கொஞ்சம் போகட்டும். பிறகு மேலும் கீழுமாக நாலைந்து முறை. அப்புறம் எதிர்ப்பக்கத்துப் பல்லை அதேபோல். இடுக்கு ஒன்றுதான், ஆனால் தேய்க்க வேண்டிய சுவர் இரண்டு. இந்த இரண்டாவது சுவரை விட்டால் நூல் போட்டும் ரத்தம் நிற்காது.

முதல் சில நாள் ரத்தம் கூடுதலாகவே வரலாம், நூல் துர்நாற்றம் அடிக்கும். நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஈறு இறுகும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட சில சந்தேகங்கள். இடுக்கு அகலமாக இருப்பவர்களுக்கு நூல் வழுக்கிக்கொண்டு போகிறதாம். அவர்களுக்கு இடுக்குக்கென்றே வரும் குட்டி பிரஷ் நல்லது. அளவை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள்.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்கிறார்களே, ஆலங்குச்சியோ வேலங்குச்சியோ போதாதா என்றும் கேட்டார்கள். நன்றாக மென்ற குச்சி பல்லின் முகப்பைத் துடைக்கும், இடுக்குக்குள் போகாது. குச்சி வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளூரைடு பேஸ்டையும் நூலையும் விடாதீர்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும். அவர்கள் மருத்துவரை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் கசிவு நிற்காவிட்டால், சீழ் வந்தால், பல் ஆடினால் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஸ்கேலிங்குக்கு உட்காரும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.