கார் கூலிங் ஃபேனுக்குத் தனிச் சுவிட்ச்: மின்தடையையும் டையோடையும் தேர்ந்தெடுக்கும் முறை

ரேடியேட்டர் விசிறி தானாக ஓடத் தொடங்கும்வரை காத்திராமல், வெப்பநிலை முள் ஏறும்போதே அதை ஓடவிடுவதற்கு என் காரின் டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் பொருத்தினேன். ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் மின்காந்த சுவிட்ச்) தடித்த கம்பிகளும் எந்தத் தொல்லையும் தரவில்லை; சிறிய உறுப்புகளான டையோடுகளும் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுபவை) ஒரு மின்தடையும்தான் என்னை இரண்டு முறை எல்லாவற்றையும் பிரித்து மாட்ட வைத்தன. ஆகவே அவற்றைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன். இந்த முறை, ரிலே வழியாக முழு வேகத்தில் ஓடும் சாதாரண விசிறிக்கு மட்டுமே பொருந்தும். எஞ்சின் கணினி விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கார்களில் இதைச் சேர்க்க வேண்டாம்.

முதல் படி: பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு ரிலேயை இணையுங்கள் (முனைகளின் எண்கள் அதன்மேல் அச்சிட்டிருக்கும்). பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் கம்பி 30 ஆம் முனைக்கும், விசிறிக்குப் போகும் கம்பி 87 ஆம் முனைக்கும், காரின் உடற்பகுதியோடு இணையும் எர்த் கம்பி 85 ஆம் முனைக்கும் செல்லும். ரிலேயை இயக்கும் கம்பி 86 ஆம் முனைக்கு வரும்; ரிலேயை இயக்கும் கம்பிச்சுருள் 85, 86 முனைகளுக்கு இடையில் இருக்கிறது. இனி நாம் பார்க்கப்போவதெல்லாம் இந்த 86 ஆம் முனையைச் சுற்றியே நிகழ்கிறது.

இரண்டாம் படி: விசிறியைப் போட்டிருப்பதைக் காட்டும் எல்.இ.டி. விளக்குக்கான மின்தடை. காரை 12 வோல்ட் என்று சொன்னாலும், எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை தருகிறது. கணக்கை அதற்குத்தான் போட வேண்டும். சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட்டை எடுத்துக்கொண்டால் எஞ்சிய 12.4 வோல்ட்டை மின்தடை தாங்க வேண்டும். 1 கிலோ ஓம் வைத்தால் 12.4 மில்லி ஆம்பியர் ஓடும். பகலிலும் தெரியும் வெளிச்சத்துக்கு அது போதும். மின்தடையில் வெப்பமாக மாறும் ஆற்றல் 0.15 வாட். கால் வாட் மின்தடை கணக்குப்படி தாங்கும் என்றாலும், வெயிலில் சூடேறும் டாஷ்போர்டுக்குள் நான் அரை வாட்டுக்குக் குறைந்ததை வைப்பதில்லை. மின்தடையின் மேல், 1 கிலோ ஓமைக் குறிக்கும் பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்ற வரிசையில் பட்டைகள் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

மூன்றாம் படி: ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு. மின்சாரத்தை நிறுத்தும் கணத்தில் சுருளின் காந்தப்புலம் சரிந்து, நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட எதிர்த்திசை அழுத்தத்தை உண்டாக்கக்கூடும். சாதாரண எல்.இ.டி. எதிர்த்திசையில் தாங்குவது 5 வோல்ட் அளவே. என் முதல் எல்.இ.டி. ஒரே வாரத்தில் அணைந்துபோனதற்குக் காரணம், அதைச் சுருளோடு இணையாக இணைத்துவிட்டு இந்த டையோடை வைக்காமல் விட்டதுதான். டையோடின் வெள்ளிப் பட்டை உள்ள கால் 86 ஆம் முனையிலும், மற்றக் கால் 85 ஆம் முனையிலும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் சுவிட்சைப் போட்டவுடன் ஃபியூஸ் போய்விடும்.

சில ரிலேக்களுக்குள் டையோடுக்குப் பதில் 680 ஓம் மின்தடை இருக்கும். அதுவும் சரியான முறையே. 85 ஓம் சுருளில் ஓடும் 0.17 ஆம்பியரை 680 ஆல் பெருக்கினால், நிறுத்தும் கணத்தில் எழும் மின்னழுத்த எழுச்சி 115 வோல்ட் அளவில் கட்டுப்படும், ரிலேயின் முனைகளும் விரைவாகப் பிரியும். ஆனால் எல்.இ.டி.யும் அதே கம்பியில் இருக்கும்போது, எழுச்சியை ஒரு வோல்ட் அளவுக்கு அடக்கிவிடும் டையோடையே நான் விரும்புகிறேன்.

நான்காம் படியில்தான் நான் சறுக்கினேன். விசிறி மூன்று காரணங்களுக்காக ஓட வேண்டும் என்று நினைத்தேன்: தெர்மோ சுவிட்ச் (எஞ்சின் சூடானால் தானாகப் போடும் சுவிட்ச்) சொல்லும்போது, ஏ.சி. போடும்போது, நான் சுவிட்சைத் தட்டும்போது. மூன்று கம்பிகளையும் 86 ஆம் முனையில் ஒன்றாகச் சேர்த்து சாலிடர் வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் விசிறி ஓடியது, கூடவே, ஏ.சி. அணைந்திருந்தும் கம்ப்ரசர் கிளட்ச் (ஏ.சி. கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் மின்காந்தப் பிடி) டக்கென்று பிடித்துக்கொண்டது. சுவிட்ச் வழியாக வந்த மின்சாரம் 86 ஆம் முனையில் நிற்காமல், ஏ.சி. கம்பி வழியே பின்னோக்கிப் போய்க் கிளட்சை இயக்கிவிட்டது. கிளட்ச் 3 அல்லது 4 ஆம்பியர் இழுப்பதால், மெல்லிய கம்பியும் சிறிய சுவிட்சும் சூடாகிக்கொண்டிருந்தன. ரிலேயைத்தான் முதலில் சந்தேகித்தேன்; இரண்டு ரிலே மாற்றிய பிறகே கம்பியை ஆராய்ந்தேன்.

தீர்வு எளியது. மூன்று கம்பிகளிலும் தலா ஒரு டையோடை, பட்டை 86 ஆம் முனையைப் பார்க்கும்படி தொடராக வையுங்கள். அப்போது மின்சாரம் ரிலேக்குள் வர முடியுமே தவிர, ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் திரும்ப முடியாது. இந்த டையோடு வழியே சுருளின் 0.16 ஆம்பியர் மட்டுமே ஓடுவதால் 1 ஆம்பியர் டையோடு தாராளம். ஒவ்வொன்றும் 0.8 வோல்ட் அளவு எடுத்துக்கொண்டாலும், சுருளுக்கு 13 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும்.

எந்த டையோடு? நான்கு இடத்திலும் 1என்4007 (1N4007) என்ற வகை. இதே குடும்பத்தின் 1என்4001 எதிர்த்திசையில் 50 வோல்ட் வரையே தாங்கும். ஆல்டர்னேட்டர் மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு கழன்றால், கட்டுப்படுத்தப்படாத அமைப்பில் எழுச்சி 100 வோல்ட்டை எட்டலாம். 1000 வோல்ட் தாங்கும் 1என்4007 அதே அளவில் கிடைக்கும்போது சிறியதை வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எல்.இ.டி.யை எங்கே இணைப்பது என்பதும் இப்போது முடிவாகும். சுவிட்சுக்கும் அதன் டையோடுக்கும் நடுவே இணைத்தால், நீங்கள் போட்டபோது மட்டும் எரியும். 86 ஆம் முனையில் இணைத்தால், எந்தக் காரணத்தால் ரிலே இயங்கினாலும் எரியும். நான் முதலாவதை வைத்திருக்கிறேன், ஏனெனில் சுவிட்சை அணைக்க மறப்பவர்களுக்கு அதுதான் நினைவூட்டும்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை: சுருளின் குறுக்கே இருக்கும் டையோடை, இணைப்பைக் கழற்றாமல் மல்டிமீட்டரால் அளந்தால், சுருளின் குறைந்த தடையால் இரு திசையிலும் கிட்டத்தட்ட சுழி காட்டும். நல்ல டையோடை எரிந்துவிட்டதாக எண்ணி நான் தூக்கி எறிந்திருக்கிறேன். ஒரு காலைக் கழற்றிவிட்டு அளந்தால், ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரையும் மறுதிசையில் திறந்த சுற்றும் காட்ட வேண்டும்.

பின்சேர்க்கை: விசிறியை மெதுவாக ஓட்ட அதன் கம்பியில் ஒரு மின்தடை வைக்கலாமா என்று படித்தவர்கள் கேட்டார்கள். 10 ஆம்பியர் ஓடும் கம்பியில் 0.4 ஓம் வைத்தாலே 40 வாட் வெப்பம் உண்டாகும்; மேலே சொன்ன அரை வாட் மின்தடை நொடியில் கருகிவிடும். அதற்கென்றே விசிறியின் காற்றோட்டத்தில் பொருத்தப்படும் கம்பிச்சுருள் மின்தடைகள் உண்டு, அவற்றைத் தவிர வேறெதையும் வைக்க வேண்டாம். இன்னொருவர் டையோடு உள்ளடங்கிய ரிலேயை வாங்கி 85, 86 முனைகளை மாற்றி இணைத்ததால் ஃபியூஸ் தொடர்ந்து போனது. ரிலேயின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் படத்தில் டையோடு குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.