ஸ்மார்ட் சாதனத்தை பிரிட்டனுக்கு அனுப்பும் முன்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு நிறுவனங்களுக்குப் பரிசோதனை, சான்று வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. கேமரா, பிளக், கதவு மணி, குழந்தைகள் அறையில் வைக்கும் மானிட்டர் எல்லாம் என் மேஜைக்கு வரும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களின் கோப்பைத் திறந்தால், ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் அடித்த அதே கூத்து அப்படியே இருக்கிறது. அப்போது கேட்க ஆளில்லை. இப்போது சட்டம் கேட்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரிட்டன் 2022இல் ஒரு சட்டம் போட்டு, 2024 ஏப்ரல் 29 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. நுகர்வோருக்கு விற்கும் இணையச் சாதனத்துக்கு அது கேட்பது மூன்றே விஷயம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு இருக்கக் கூடாது. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்று வெளியிட வேண்டும். எந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் தருவீர்கள் என்று சொல்ல வேண்டும். மீறினால் ஒரு கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருமானத்தில் 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம். மீறல் தொடர்ந்தால் நாள் ஒன்றுக்கு 20,000 பவுண்டு வரை தனி.

மூன்றே விஷயம் என்றதும் எல்லோரும் சாவகாசமாகி விடுகிறார்கள். அங்கேதான் வினை.

அட்மின், 1234 என்று வைக்காதீர்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், அறுபது சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அதற்கப்புறமும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தால் வேறு தொழில் பார்க்கலாம்.

சீரியல் எண்ணிலிருந்தோ மேக் முகவரியிலிருந்தோ பாஸ்வேர்டு செய்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. சட்டத்தைப் படித்தவர்கள். ஆனால் முதல் வரியோடு நிறுத்தியவர்கள்.

ஒரு நிறுவனம் வீட்டுக் கேமரா செய்கிறது. பிரிட்டனுக்குப் போகும் முதல் சரக்கு. பாஸ்வேர்டு பெட்டிக்குப் பெட்டி வேறு, அடியில் ஸ்டிக்கர் ஒட்டி அழகாகவே செய்திருந்தார்கள். ஸ்டிக்கரில் மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்), அதற்குக் கீழே பாஸ்வேர்டு. இரண்டையும் பார்த்ததும் புரிந்துவிட்டது: மேக் முகவரியின் கடைசி ஆறு இலக்கங்களைத் திருப்பிப் போட்டு, முன்னால் கம்பெனிப் பெயரின் மூன்றெழுத்து. இன்ஜினியர் தம்பியிடம் கேட்டேன். “ஒவ்வொரு பெட்டிக்கும் வேற வேற பாஸ்வேர்டுதானே சார்? சட்டத்துல அதானே கேக்குறாங்க?” என்றார்.

பதில் சொல்லாமல் பரிசோதனை அறைக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் போனில் வைஃபை அலசும் இலவச ஆப் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் அறையில் உள்ள ஒவ்வொரு கேமராவின் மேக் முகவரியும் வரிசையாக வந்து நின்றது. வைஃபையில் தரவை எவ்வளவு பூட்டினாலும், அனுப்புகிற சாதனத்தின் மேக் முகவரி காற்றில் வெளிப்படையாகத்தான் போகும். வைஃபையின் அமைப்பே அப்படி. ஆறு இலக்கத்தைத் திருப்பிப் போட்டேன், மூன்றெழுத்தைச் சேர்த்தேன், லாகின் ஆனது. பூட்டுக்கு மேலேயே சாவியின் அச்சை ஒட்டி வைத்த மாதிரி.

சட்டத்தோடு வந்த விதிமுறைகளின் இணைப்பில் இது தெளிவாகவே இருக்கிறது. பாஸ்வேர்டு ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பயனரே வைக்க வேண்டும். தனியாக இருந்தால் நான்கு நிபந்தனை: ஒன்று, இரண்டு என்று ஏறும் எண்ணாக இருக்கக் கூடாது, பொதுவில் கிடைக்கும் தகவலிலிருந்து வந்திருக்கக் கூடாது, சீரியல் எண் போன்ற சாதன அடையாளத்திலிருந்து வந்திருக்கக் கூடாது, வேறு வழியிலும் எளிதில் ஊகிக்கும்படி இருக்கக் கூடாது. மூன்றாவதற்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட குறியாக்கத்தையோ, ரகசியச் சாவி சேர்த்த ஹேஷையோ (கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாத வேறொரு எண்ணாக மாற்றும் கணக்கு) பயன்படுத்தினால் போகலாம்.

அந்த “ரகசியச் சாவி சேர்த்த” என்ற மூன்று வார்த்தையைத்தான் அடுத்த ரகத்தினர் விழுங்கிவிடுகிறார்கள். “சார், நாங்கள் அப்படியே வைக்கவில்லை, ஹேஷ் செய்தோம்” என்பார்கள். தாம்சன் ஸ்பீடுடச் ரூட்டரும் ஹேஷ்தான் செய்தது. சீரியல் எண்ணை ஷா-1 என்ற ஹேஷில் போட்டு, வரும் விடையின் முதல் ஐந்து பைட்டை வைஃபை பாஸ்வேர்டாகவும், கடைசி மூன்று பைட்டை நெட்வொர்க் பெயரின் வாலாகவும் வைத்தார்கள். சீரியல் எண்ணில் மாறுகிற பகுதி என்ன? தயாரித்த வருஷம், வாரம், மூன்று எழுத்து அல்லது எண். ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 52 வாரம், வாரத்துக்கு 46,656 சேர்க்கை, மொத்தம் ஏறத்தாழ 24 லட்சம். சாதாரண கம்ப்யூட்டருக்கு இது ஒரு வேலையே இல்லை. எல்லாவற்றையும் ஹேஷ் செய்து பார்த்து, நெட்வொர்க் பெயரின் வாலோடு பொருந்துவதை எடுத்தால் பாஸ்வேர்டு கையில். 2008இல் இது ஊருக்கே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அதே வித்தையைப் புதிய ஃபர்ம்வேரில் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) பார்க்கும்போது கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, சாவி சேர்த்துவிட்டோம் என்று மூன்றாவது ரகம் வரும். சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டால், “ஃபர்ம்வேரில்” என்று பதில் வரும். அந்த மென்பொருள் இருக்கும் ஃப்ளாஷ் சிப்பைப் படிக்கும் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரே ஒரு கேமராவை வாங்கிப் பிரித்தால், நீங்கள் விற்ற எல்லாக் கேமராவின் பாஸ்வேர்டும் போயிற்று. சாவி தொழிற்சாலையை விட்டு வெளியே வரவே கூடாது.

பின் என்னதான் செய்வது? செலவு குறைந்த வழி, பாஸ்வேர்டே இல்லாமல் அனுப்பி, முதல் முறை ஆன் செய்யும்போது பயனரையே வைக்கச் சொல்வது. ஆனால் அந்தத் திரையில் “பிறகு பார்க்கலாம்” என்று ஒரு பட்டன் வைத்துவிடாதீர்கள். வைத்தால் எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற சாதனமென்றால் அந்த பட்டன் இன்னும் சிக்கல்: வயர்லெஸ் சாதனங்களுக்கான இஎன் 18031 தரத்தைப் பின்பற்றினாலும், பாஸ்வேர்டு வைக்காமலே போக பயனருக்கு வழி இருந்தால், விதிக்கு இணங்கியதாக அந்தத் தரத்தைக் காட்டி நிற்க முடியாது.

ஸ்டிக்கர்தான் வேண்டும் என்றால், உற்பத்தி வரிசையில் உள்ள கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் குறியாக்கத் தரமுள்ள ரேண்டம் எண்ணிலிருந்து பாஸ்வேர்டை உருவாக்க வேண்டும். நேரத்தை விதையாக, அதாவது கணக்கின் தொடக்க எண்ணாகக் கொடுக்கும் சாதாரண ரேண்டம் ஃபங்ஷன் வேண்டாம். அரை நிமிடத்துக்கு ஒரு பெட்டி வெளிவரும் வரிசையில் நேரத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. உருவாக்கியதைச் சாதனத்தில் எழுதி, சாதனத்திலிருந்து திரும்பப் படித்து, அப்புறம்தான் ஸ்டிக்கரை அச்சிட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் என்னாகும் தெரியுமா? நடுவில் பிரிண்டர் காகிதத்தைக் கடிக்கும். ஆபரேட்டர் மறுபடி அச்சடிப்பார். ஒரு ஸ்டிக்கர் தள்ளிப் போகும். அந்த ட்ரேயில் மீதி உள்ள எல்லாப் பெட்டியும் பக்கத்துப் பெட்டியின் பாஸ்வேர்டோடு லண்டனுக்குப் போகும்.

அச்சான பிறகு மொத்தப் பட்டியலையும் எக்செல்லில் போட்டு, வாங்குபவருக்கு மெயிலில் அனுப்புகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதினால் வார்த்தை தடித்துவிடும்.

அந்தக் கேமரா நிறுவனத்துக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சரக்கு ஏற்கெனவே அட்டைப்பெட்டியில் இருந்தது. பிரித்து, ஒவ்வொன்றையும் மின்சாரம் கொடுத்து எழுப்பி, புதிய ஃபர்ம்வேர் ஏற்றி, பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, மறுபடி கட்டினார்கள். கப்பல் போய்விட்டது. தாமதத்துக்காக வாங்குபவர் விலையைக் குறைத்தார். லாபம் முழுக்க அதிலேயே கரைந்தது. பாஸ்வேர்டை முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் ஒரு புரோகிராமருக்கு இரண்டு மூன்று நாள் வேலை.

ஆப்பில் தெரியும் பாஸ்வேர்டை மட்டும் பார்ப்பது

சிப் விற்பவர் தரும் மென்பொருள் தொகுப்பில் டெல்நெட் என்ற, வெளியிலிருந்து சாதனத்துக்குள் நுழையும் வாசல், ஒரு கணக்கோடு விழித்துக்கொண்டிருக்கும். வீடியோவை நேரடியாக இழுக்கும் ஆர்டிஎஸ்பி வாசலுக்கு வேறொரு பாஸ்வேர்டு, அது எல்லாப் பெட்டியிலும் ஒன்று. நீங்கள் எழுதாத கணக்கென்றாலும் உங்கள் சாதனத்தில்தான் இருக்கிறது. அனுப்பும் முன் இப்படிப்பட்ட வாசல்களான எல்லா போர்ட்டையும் ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். ரீசெட் பட்டனை அழுத்திவிட்டு இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். சில சாதனம் ரீசெட்டுக்குப் பிறகு பழைய ஆளாகத் திரும்பி வரும்.

புளூடூத் மட்டும்தானே, இணையம் இல்லையே

நேரடியாக இணையத்துக்குப் போகாமல், போகிற இன்னொரு சாதனத்தோடு பேசுவதையும் சட்டம் தனி வகையாக வைத்திருக்கிறது. வரையறையை வரி வரியாகப் படித்துவிட்டு அப்புறம் நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆதரவுக் காலத்துக்கு “வாழ்நாள் முழுவதும்” என்று எழுதுவது

யாருடைய வாழ்நாள்? பாதுகாப்பு அப்டேட் முடியும் தேதி வேண்டும். “வாங்கியதிலிருந்து இரண்டு வருஷம்” என்பதும் போதாது, நீங்கள் எந்தத் தேதியோடு நிறுத்துகிறீர்கள் என்று தெரிய வேண்டும். ஆங்கிலத்தில், இலவசமாக, தொழில்நுட்பம் தெரியாதவருக்கும் புரியும்படி, பெயரும் மெயிலும் கேட்காமல் காட்ட வேண்டும். பிரிட்டன் சட்டம் குறைந்தபட்சம் இத்தனை வருஷம் என்று எதுவும் சொல்லவில்லை. அதனால் விற்பனைப் பிரிவு கவர்ச்சியாக ஒரு நீண்ட தேதியைப் போடப் பார்க்கும். விடாதீர்கள். வெளியிட்ட பிறகு நீட்டலாம், குறைக்க முடியாது. வைஃபை சிப் விற்பவர் தன் மென்பொருளை எதுவரை பராமரிப்பார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் தேதி போடுங்கள்.

ஓட்டை சொல்ல வருகிறவரை விரட்டுவது

தொடர்பு முகவரி கொடுத்தால் மட்டும் போதாது. சொன்னவருக்கு, செய்தி கிடைத்தது என்று எப்போது தெரிவிப்பீர்கள், சரியாகும் வரை நிலவரத்தை எப்போதெல்லாம் சொல்வீர்கள் என்பதையும் எழுத வேண்டும். எழுதிய பிறகு அந்த மெயிலை யாராவது படிக்கவும் வேண்டும். வேலையை விட்டுப் போன ஒருவரின் பெட்டிக்கு அது போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கஸ்டமர் கேர் வாசலுக்கு அனுப்புவதும் அதே கதைதான்: “உங்கள் இன்வாய்ஸ் எண்ணைத் தெரிவிக்கவும்” என்று தானியங்கி பதில் போகும். ஓட்டையைக் கண்டுபிடித்தவர் பொறுமை இழந்து உலகத்துக்கே சொல்லிவிடுவார்.

பொருள் சீனாவில் செய்தது, பெயர் மட்டும்தான் நம்முடையது

பெயர் உங்களுடையதென்றால், சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளரும் நீங்கள்தான்.

இணக்க அறிக்கையை வேறொருவரிடம் கடன் வாங்குவது

மேலே சொன்னதன் தொடர்ச்சி. இணக்க அறிக்கை, அதாவது சாதனம் சட்டத்துக்கு இணங்குகிறது என்று தயாரிப்பாளர் கையெழுத்திடும் தாள், இல்லாமல் சரக்கு போகக் கூடாது. அதில் சாதன வகை, உற்பத்தித் தொகுதி, தயாரிப்பாளர் பெயர், முகவரி, ஆதரவுக் காலம், கையெழுத்து போட்டவரின் பெயர், பதவி, இடம், தேதி எல்லாம் இருக்க வேண்டும். தொழிற்சாலை அனுப்பும் பிடிஎஃபில் மேலே இருக்கும் லோகோவை மட்டும் மாற்றுகிறார்கள்; உள்ளே பழைய மாடல் எண் பல்லைக் காட்டுகிறது. குறைந்தது 10 வருஷம், ஆதரவுக் காலம் அதைவிட நீளமென்றால் அதுவரை, இந்தத் தாளை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் மாற்றும்போது தொலைத்துவிடாதீர்கள்.

ஐரோப்பாவுக்கு 2027 டிசம்பர் வரை நேரமிருக்கிறது என்று நினைப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் முழுமையாக அமலாவது 2027 டிசம்பர் 11. ஆனால் அறிவிக்கும் கடமை அதற்கும் முன்னால், 2026 செப்டம்பர் 11இலேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் சாதனத்தில் உள்ள ஓட்டையை யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் 24 மணி நேரத்தில் முதல் எச்சரிக்கை, 72 மணி நேரத்தில் விவரம், தீர்வு கிடைத்த 14 நாளில் இறுதி அறிக்கை. இது புதிய சாதனத்துக்கு மட்டும் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். ஏற்கெனவே விற்று, யார் வீட்டுச் சுவரிலோ தொங்கிக்கொண்டிருக்கும் பழைய மாடலுக்கும் உண்டு.

அபராதம் 1.5 கோடி யூரோ அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம் வரை. ஆதரவுக் காலம் பொதுவாக ஐந்து வருஷத்துக்குக் குறையக் கூடாது. பிரிட்டனுக்கென்று போட்ட தேதியை இங்கே நகலெடுத்து ஒட்டினால் இடிக்கும்.

24 மணி நேரக் கணக்கில் சனி, ஞாயிறு கழியாது. தீபாவளி வாரத்தில் மெயிலை யார் பார்ப்பது என்று ஒரு பெயரை எழுதி வையுங்கள். “டீம் பார்க்கும்” என்று எழுதாதீர்கள், டீம் ஊருக்குப் போயிருக்கும்.

பிரிட்டன் கோப்பைக் காட்டி அதே கேமராவை இந்தியாவில் விற்பது

முடியாது. கண்காணிப்புக் கேமராவுக்கு இங்கே 2025 ஏப்ரல் 9 முதல் தனிப் பாதுகாப்புப் பரிசோதனை, தனிச் சான்று.