பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கும்போது செய்யக்கூடாதவை

மதுரைப் பக்கம் காயலான் கடையிலோ, மூடிப்போன டிடிபி சென்டரிலோ ஒரு 386, 486 ரக கம்ப்யூட்டர் கிடைத்துவிட்டால் கை துறுதுறுக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டுப் பார்க்கத் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. பல வருடம் சும்மா கிடந்த மெஷின் பழுதாகியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முதல் அரை நிமிட கரண்ட் அதைப் பழுதாக்கிவிடும்.

முதலில் மூடியைக் கழற்றுங்கள். தூசி, பல்லி எச்சம், கரப்பான் முட்டை எல்லாவற்றையும் மென்மையான பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, பவர் சப்ளையை மதர்போர்டிலிருந்து பிரித்துத் தனியாகப் பாருங்கள். கண்டென்சர் தலை உப்பியிருக்கிறதா, அடியில் கசிந்திருக்கிறதா? மத்திய அரசின் கிளாஸ் என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் 1984 வாக்கில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ போன்ற கம்ப்யூட்டர்களில், மெயின்ஸ் வரும் இடத்தில் ஒரு காகிதக் கண்டென்சர் இருக்கும். அதன் உறை வயதாகி விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கரண்ட் பட்டதும் வெடித்து வீடு முழுக்கப் புகை. முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த மெஷின் என்றால், பின்பக்கச் சிவப்பு சுவிட்ச் 115-ல் நிற்கிறதா என்று பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் சொருகாதீர்கள்.

டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் போர்டு இந்த வேலைக்கு அருமையான கருவி. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு வழியாக சப்ளைக்குக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். லோடு இல்லாமல் பழைய சப்ளைகள் பலவும் ஓடாது என்பதால், உபயோகமற்ற ஹார்ட் டிஸ்க் ஒன்றையாவது மாட்டிச் சோதியுங்கள். போர்டில் திரும்ப இணைக்கும்போது இரண்டு ஆறு பின் பிளக்குகளின் கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும். இடம் மாறினால் போர்டு போயே போய்விடும். எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். எர்த்தைச் சரிசெய்யாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

அடுத்து பேட்டரி. 286 முதல் 486 வரை பல போர்டுகளில் நீல நிற, பீப்பாய் வடிவ 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசிந்து, கீபோர்டு சாக்கெட் வரைக்கும் செப்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். உடனே வெட்டி எடுங்கள். இங்கே பலர் கார் பேட்டரி ஞாபகத்தில் சமையல் சோடாவைப் பூசுகிறார்கள். கார் பேட்டரியில் இருப்பது அமிலம், அதற்கு சோடா சரி. இந்தக் கசிவு காரம், சோடாவும் காரம்தான், பயனில்லை. வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து ஒவ்வொரு தடமும் அறுபடாமல் இருக்கிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். மாற்றாக லித்தியம் செல் வைத்தால், கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடு அவசியம். போர்டு அதை சார்ஜ் செய்யப் பார்க்கும், அது ஆபத்து.

பேட்டரி போன போர்டு, ஹார்ட் டிஸ்க்கின் அளவுகளையும் மறந்திருக்கும். மெஷினைத் தொடக்கிவைக்கும் பயாஸ் புரோகிராம் பழையது என்றால் தானாகக் கண்டுபிடிக்காது. திரையில் டிஸ்க் பிழை என்று வந்ததுமே டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வேதனையாக இருக்கிறது. சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள் பெரும்பாலும் டிஸ்க்கின் லேபிளிலேயே இருக்கும். அவற்றை பயாஸின் செட்டப் திரையில் அடித்துப் பாருங்கள்.

ராம், கார்டுகளின் தங்க முலாமை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மென்மையான வெள்ளை ரப்பர் போதும். பிக்சர் டியூப் மானிட்டரைத் திறக்காதீர்கள். ஆஃப் செய்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், அனுபவமுள்ள டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள். மஞ்சளான கேபினெட்டை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிக் கத்திரி வெயிலில் வைத்துவிட்டு மறந்தால், பூச்சு காய்ந்த இடங்கள் திட்டுத் திட்டாக வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பூத்த ஃபிளாப்பியை அப்படியே டிரைவில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் ஃபிளாப்பியும் கெடும்.

எனக்கு மிகவும் மனம் வலிப்பது ஃபார்மேட் செய்வதுதான். மதுரை டிடிபி மெஷின்களில் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், ஊர்ச் சங்க மலர் எல்லாம் கிடக்கின்றன. டிஸ்க் சுழன்றால், எதையும் நிறுவுவதற்கு முன் அதை முழுவதுமாகப் படியெடுங்கள். டாக்குமென்டை மட்டும் எடுப்பது பாதி வேலை. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் ஃபாண்ட்டும் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருந்தது. இதை ஒழுங்குபடுத்த தமிழக அரசு டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களை அறிவித்ததே 1999-ல்தான். ஃபாண்ட் இல்லாத கோப்பு வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆகவே ஃபாண்ட் கோப்புகளையும், கீபோர்டு டிரைவரையும், முடிந்தால் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரையும் சேர்த்தே படியெடுத்து, வேறொரு மெஷினில் ஒரு பத்திரிகையாவது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு டிஸ்க்கில் கை வையுங்கள்.