சே, டெல், ஸ்பீக், டாக்: எங்கே சறுக்குகிறது?

ஓசூர் கம்பெனிகளுக்கு நேர்காணல் போகும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் 12 வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். அவர்கள் தடுமாறுவது பெரிய பெரிய வார்த்தைகளில் இல்லை. சொன்னார், பேசினார், கேட்டார் என்று நாள் முழுக்கப் புழங்கும் வினைகளில்தான்.

அதிகம் காதில் விழும் தவறு, ‘ஹி செட் மீ’ (செட் என்பது சேயின் இறந்த காலம், டோல்ட் என்பது டெல்லின் இறந்த காலம்). சே, டெல் இரண்டுக்கும் தமிழில் ‘சொல்’ என்றே அர்த்தம் எழுதிப் படிப்பதால், எங்கே எது என்று பிடிபடுவதில்லை. அர்த்தத்தை விட்டுவிட்டு, வினைக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். டெல் என்றால் அடுத்து உடனே ஆள் வர வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ’. சே என்றால் அடுத்து வருவது சொன்ன விஷயம்: ‘ஹி செட் தட் த பஸ் வாஸ் லேட்’. அதில் ஆளையும் சேர்க்க வேண்டுமானால் முன்னால் ‘டு’ போட வேண்டும்: ‘ஹி செட் டு மீ’. ‘ஹி டோல்ட் டு மீ’ தவறு. ‘ஷி டோல்ட் தட் ஷி வாஸ் சிக்’ என்பதும் தவறு. டோல்டுக்குப் பின்னால் ஆளைக் காணோம்.

தேவையில்லாத இந்த ‘டு’ நம் பேச்சிலிருந்தே வருகிறது. ‘என்கிட்ட சொன்னான்’ என்பதில் உள்ள ‘கிட்ட’வை அப்படியே கொண்டுபோகிறோம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான்; அங்கேயும் ‘எனக்குச் சொன்னான்’ என்ற அமைப்பு உண்டு. ‘ஐ ஆஸ்க்ட் டு ஹிம்’, ‘ஐ இன்ஃபார்ம்டு டு த சூப்பர்வைசர்’ எல்லாம் இந்த வழியில் வந்தவை. ஆஸ்க், இன்ஃபார்ம் இரண்டுக்கும் ‘டு’ இல்லாமல் நேராக ஆளைப் போடுங்கள். எக்ஸ்ப்ளைன், சஜஸ்ட் இரண்டும் இதற்கு நேர்மாறு. ‘எக்ஸ்ப்ளைன் மீ’ கூடாது. ‘எக்ஸ்ப்ளைன் இட் டு மீ’ என்றுதான் வர வேண்டும்.

ஒருவரைச் செய்யச் சொல்வதற்கு டெல்தான். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் குடும்பத்திடம் லைஃப் ஜாக்கெட் போடச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘சே தெம் டு வேர்’ என்றால் வாக்கியம் உடைந்துவிடும். ‘டெல் தெம் டு வேர் லைஃப் ஜாக்கெட்ஸ்’ சரி. நிற்கக் கூடாது என்பது போல ஒன்றைச் செய்யாதே என்று சொல்வதற்கு ‘நாட் டு’ வரும்: ‘டெல் தெம் நாட் டு ஸ்டாண்ட்’. கரையில் உள்ள எச்சரிக்கைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல மட்டும் சே போதும்: ‘த போர்ட் செஸ் டேஞ்சர்’.

ஆள் இல்லாமலே டெல் வரும் இடங்கள் சில உண்டு: டெல் த ட்ரூத், டெல் அ லை, டெல் அ ஸ்டோரி, டெல் த டைம். இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், ஜோடியாகவே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சாரி, ஹலோ, யெஸ், நோ எல்லாம் சே பக்கம்.

மொழி என்றால் ஸ்பீக்தான். ‘ஐ கேன் ஸ்பீக் தமிழ், தெலுகு அண்ட் கன்னடா’ என்று நேர்காணலில் தயங்காமல் சொல்லுங்கள். எல்லையோர ஊரில் அது பெரிய தகுதி. அங்கே ‘டாக்’ பொருந்தாது. போனில் ‘மே ஐ ஸ்பீக் டு த மேனேஜர்?’ என்பது மரியாதையானது. நண்பர்கள் உட்கார்ந்து அரட்டை அடிப்பது டாக். ஸ்பீக், டாக் இரண்டுக்கும் ஆளுக்கு முன்னால் ‘டு’ வேண்டும், விஷயத்துக்கு முன்னால் ‘அபவுட்’ வேண்டும்.

அந்த அபவுட்டை டிஸ்கஸ், மென்ஷன் இரண்டிலும் ஒட்டிவிடாதீர்கள். ‘பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் வருவதால் ‘வி டிஸ்கஸ்ட் அபவுட் த சேலரி’ என்று வாய் தானாகப் போகும். ‘வி டிஸ்கஸ்ட் த சேலரி’ என்பதுதான் சரி.

வழி கேட்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ‘டெல் மீ’ என்று ஆரம்பித்துவிட்டால் அதன்பின் கேள்வி வரிசை மாறும். ‘டெல் மீ வேர் இஸ் த பஸ் ஸ்டாண்ட்’ தவறு, ‘டெல் மீ வேர் த பஸ் ஸ்டாண்ட் இஸ்’ சரி. 10ஆம் வகுப்பு ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் மதிப்பெண் போவதும் இங்கேதான்: ‘ஹி செட் டு மீ’ என்பதை அடுத்து கேள்வி இருந்தால், டோல்ட் போடாமல் ‘ஹி ஆஸ்க்ட் மீ’ என்று மாற்றி, ‘வேர் ஐ லிவ்டு’ என்று எழுத வேண்டும்.